ராஜா கையெழுத்து போடலேன்னா: மாத்து வரலாறு எழுதப் போறவங்களுக்கு

எங்க கொடைக்கானல் பக்கம் ஆர்சி (கத்தோலிக்க) வீட்டுக்கும் சிஎஸ்ஐ (பிராடஸ்டன்ட்) வீட்டுக்கும் சம்பந்தம் பேசுனா, தாலி எந்தக் கோயில்லங்குற கேள்வியிலயே பல தடவ பேச்சு நின்னுபோயிரும், ஒரே ஏசுதான், ஆனாலும். இதோட ஊத்துக்கண்ணு ஐரோப்பா, அங்க நடந்ததுல ஒண்ண மாத்துனா என்ன ஆகும்னு கதையா எழுதிப் பாத்தேன், அதான் மாத்து வரலாறு, மொத தடவ படு சொதப்பல். பிராடஸ்டன்ட் பிரிவு உருவாகக் காரணமான லூதரே பொறக்கலன்னு ஆரம்பிச்சுட்டேன், நாலு பக்கத்துல எல்லாமே இஷ்டத்துக்குப் போயிருச்சு.

அதனால சின்னதா ஒரு இடத்துல மட்டும் கைய வைங்க. பிரான்ஸ எடுத்துக்கோங்க. 1598-ல நான்ட் அரசாணை ஹியூகனாட்டுகளுக்கு, அதாவது அந்த ஊரு பிராடஸ்டன்ட்காரங்களுக்கு, வழிபாட்டு உரிம குடுத்துச்சு, 1685-ல ராஜா பதினாலாம் லூயி அத ரத்து பண்ணாரு, சுமார் 2 லட்சம் பேரு நாட்ட விட்டே ஓடுனாங்க. ரத்து பண்ணலேன்னா?

இங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. 1685-ல கையெழுத்த மட்டும் நிறுத்துனா பத்தாது, ஏன்னா 1680-லயே பிராடஸ்டன்ட் மருத்துவச்சி பிரசவம் பாக்கக்கூடாதுன்னு தடை வந்துருச்சு, 1681-ல இருந்து அவங்க வீட்டுக்குள்ள சிப்பாய்ங்கள குடிவச்சு, வீட்டுக்காரன் மதம் மாறுற வரைக்கும் தின்னு தீக்க விட்டாங்க. வெறுப்புங்குறது பெரிய ஆணையில இல்லீங்க, இந்த மாதிரி சில்லற விதியிலதான் இருக்கு. அதனால உங்க கதை நிஜ வரலாத்துல இருந்து பிரியுற எடத்த ஒரு பத்து வருஷம் முன்னாடியே வைங்க.

அடுத்து யாருக்கு நட்டம்னு பாருங்க. நிஜத்துல பிரஷ்யாக்காரங்க (இன்னைக்கு ஜெர்மனி பக்கம்) 1685-லயே பாட்ஸ்டாம் ஆணை போட்டு இவங்கள வாங்க வாங்கன்னு கூப்புட்டாங்க, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ல பட்டு நெசவு களகட்டுனதும் இவங்களாலதான். உங்க கதையில அந்தத் தறியெல்லாம் பிரான்ஸுலயே ஓடும். லண்டன்ல வந்து கதறி அழ அகதி இல்லேன்னா கத்தோலிக்கர் மேல இருந்த பயமும் கொஞ்சம் கொறஞ்சிருக்கும், 1688-ல கத்தோலிக்கரான இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜேம்ஸ வெரட்டுறது அவ்வளவு சுளுவா நடந்திருக்குமான்னு யோசிங்க.

ஆனா எல்லாரும் கட்டிப்புடிச்சுக்கிட்டாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க. அதே 1685-ல பிரெஞ்சு தீவுகளுக்குப் போட்ட அடிமைச் சட்டத்தோட மொத விதியே யூதர்கள வெளிய போகச் சொல்றதுதான். நான்ட் ஆணை நீடிச்சாலும் அவங்களுக்கு அதுல ஒரு வரி கெடையாது, அத உங்க கதையில ஒரு பாத்திரம் கேட்டே ஆகணும்.

களம் எதுன்னா, தெக்கு பிரான்ஸ்ல இருக்குற செவென் மலைய எடுங்க. ஹியூகனாட்டுகள் மறஞ்சு ஜெபம் பண்ண எடம், 1702-ல கலகமே வெடிச்சுது. மேடு பள்ளம், மூடுபனி, கீழ சந்தைக்கு எறங்குறது எல்லாம் நமக்குப் பழக்கந்தான், பூம்பாற பூண்டு வடுகபட்டி சந்தைக்குப் போறத நெனச்சுக்கிட்டே அவங்க நீம் ஊருக்குப் பட்டு கொண்டு போறத எழுதலாம்.

மொத காட்சிக்கு ராஜா வேணாம். ராத்திரி, மழை, ஒரு ஆர்சி வீட்டுல பிரசவ வலி, பக்கத்துல இருக்குற ஒரே மருத்துவச்சி பிராடஸ்டன்ட். கூப்புடுறாங்களா இல்லையான்னு எழுத ஆரம்பிங்க.