நாடகப் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி? மனோன்மணீயத்துச் சீவகனை வைத்து ஒரு செய்முறை

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நாடகப் பாத்திரங்கள் புதிதல்ல. பாரதக் கூத்தில் திரைக்குப் பின்னால் பாடிவிட்டு வரும் வேஷக்காரரைக் கட்டியங்காரன் நிறுத்தி, யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று குடைந்து குடைந்து கேட்பார். துரியோதனன் ஆனாலும் கர்ணன் ஆனாலும் தன் வாயாலேயே தன்னைச் சொல்லியாக வேண்டும். அச்சில் இருக்கும் நாடகத்தில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. கட்டுரை எழுத உட்காரும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு மனோன்மணீயத்தை எடுத்துக்கொள்வோம். சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட செய்யுள் நாடகம். 5 அங்கங்கள், 20 களங்கள் (காட்சிகள்). நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இதன் பாயிரத்தில் உள்ளதுதான். ஆனால் பாயிரத்தைத் தாண்டி நாடகத்துக்குள் போகிறவர்கள் குறைவு என்பது என் வருத்தம். தமிழ் நூல்களை மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

முதல் வேலை, பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலோர் அமைச்சன் குடிலனிடம் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாக இருக்கும்போது தன் சூழ்ச்சியைக் குடிலனே சொல்லிவிடுகிறான். நீங்கள் கண்டுபிடிக்க அதிகம் மிச்சமிருக்காது. பாண்டியன் சீவகனை எடுங்கள். நல்லவன், மகள் மனோன்மணிமேல் உயிரையே வைத்திருப்பவன், ஆனாலும் திரும்பத் திரும்ப ஏமாறுகிறான். ஏன்? இந்த ‘ஏன்’ கிடைத்துவிட்டால் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்த மாதிரி.

அடுத்தது வாசிப்பு. முதல் தடவை கதைக்காக வேகமாகப் படியுங்கள், புரியாத செய்யுளில் தேங்கி நிற்க வேண்டாம். இரண்டாம் தடவை நோட்டில் செங்குத்தாக நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் களம், யாரிடம் பேசுகிறான், என்ன சொல்கிறான், என்ன செய்கிறான். சீவகனுக்கு இப்படி வரும். மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறியிருக்கிறான். குலகுரு சுந்தர முனிவர் வந்தால் அந்தக் கோட்டையின் பெருமையைப் பேசுகிறான். மனோன்மணியின் திருமணம் பேசச் சேர நாட்டுக்கு நடராசனைத் தூதனுப்பலாம் என்கிறார் முனிவர். சீவகனோ குடிலனின் பேச்சைக் கேட்டு அவன் மகன் பலதேவனை அனுப்புகிறான், போர் வருகிறது. உண்மையான ஊழியன் நாராயணனைச் சந்தேகிக்கிறான். கடைசியில் மகளைப் பலதேவனுக்கே கட்டிக்கொடுக்க ஒத்துக்கொள்கிறான்.

எழுதி முடித்ததும் நோட்டை மேலிருந்து கீழாக ஒரு முறை பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் குடிலனின் சொல்தான் வெல்கிறது. அப்புறம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சீவகனைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சொல்பவனுக்கு அதில் என்ன லாபம் என்று பார்க்க வேண்டும். அரசன் முன்னால் குடிலன் பேசுவதையும், தனியாக இருக்கும்போது பேசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சரி, இப்போது மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கட்டுரையில் கடினமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். ‘சீவகன் நல்லவன், ஆனால் ஏமாளி’ என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. அதனால் நிரூபிக்கவும் எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘சீவகன் அறிவில்லாமல் ஏமாறவில்லை, தன் பெருமைக்குத் துணை நின்றவனைச் சந்தேகித்தால் தன் முடிவுகளையே சந்தேகிக்க வேண்டியிருக்கும் என்பதால் ஏமாறுகிறான்.’ இதை ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் எழுத விஷயம் இருக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு பத்தியிலும் கருத்து ஒன்று, நாடகத்திலிருந்து சான்று ஒன்று, அந்தச் சான்று எப்படிக் கருத்தைத் தாங்குகிறது என்ற விளக்கம். மாதிரிக்கு ஒன்று:

‘கோட்டை சீவகனுக்கு வெறும் அரண் அல்ல, அவன் ஆட்சித் திறமைக்கு அவனே எழுப்பிக்கொண்ட சாட்சி. முனிவரிடமே அதன் பெருமையைப் பேசுகிறான். அதே முனிவர் கோட்டையை நம்பாமல் அரண்மனையிலிருந்து வெளியேறச் சுரங்கம் அமைக்கிறார். மகளைக் கடைசியில் காப்பாற்றுவது அரசன் பெருமைப்பட்ட மதில் அல்ல, அவனுக்குத் தெரியாமல் முனிவர் அமைத்த வழி.’

கதையை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனால் மூன்றாவது பகுதியான விளக்கம் காணாமல் போய்விடும். மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் சான்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பெருமைதான் சீவகனை ஆட்டுகிறது என்றால், போரில் தோற்ற பின் அவன் மகளின் பாதுகாப்பைத்தானே நினைக்கிறான்? அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாசமே அவளைப் பலதேவனிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. இந்தச் சிக்கலுக்கு இரண்டு பத்தி தாராளமாக ஒதுக்கலாம்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். நாடகம், ஆசிரியர், உங்கள் கேள்வி, மையக் கருத்து, ஐந்தாறு வரி போதும். நாடக நிகழ்ச்சிகளை நிகழ்காலத்திலேயே சொல்லுங்கள். மேற்கோள் இரண்டு அடியைத் தாண்ட வேண்டாம். அங்கம், களம் எண்ணை ஒவ்வொன்றின் கீழும் குறித்துவிட்டு, ஒப்படைக்கும் முன் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.