பால்வழியின் நடுக் கருந்துளையை எடைபோடுவது எப்படி

பால்வழியின் நடுக் கருந்துளையான சஜிட்டேரியஸ் ஏ ஸ்டாரின் நிறையைக் காண ஒரு வரிக் கணக்கு போதும். அதில் போடவேண்டிய எண்களுக்காகத்தான் ஆண்டுக்கணக்கில், அதைச் சுற்றிவரும் எஸ்2 விண்மீனின் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஆண்ட்ரியா கெஸ் குழு ஹவாயிலும் ரைன்ஹார்ட் கென்ட்சல் குழு சிலியிலும் 1990களிலிருந்து செய்தது இதுவே. 2020இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

இடையிலுள்ள தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடைத்துவிடும். ஆகவே 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் படமெடுங்கள். எஸ்2 சுற்றுப்பாதையின் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி) வெறும் 0.125 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு), காற்றலைவோ விண்மீனை அரை வில்விநாடிக்கு அப்பிவிடும். 589 நானோமீட்டர் லேசரை 90 கி.மீ. உயரச் சோடியம் அடுக்கில் பாய்ச்சிச் செயற்கை விண்மீனை உண்டாக்கி, அதன் நடுக்கத்துக்கேற்ப ஆடியை நொடிக்குப் பல நூறு முறை வளைக்க வேண்டும். லேசரை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். போகும்போதும் திரும்பும்போதும் அது ஒரே காற்றில் விலகுவதால், படம் மொத்தமாக நகர்வது அதில் தெரியாது. அந்த நகர்வைக் காண, பக்கத்தில் ஓர் இயற்கை விண்மீனும் தேவை.

கருந்துளை ரேடியோவில் பளிச்செனத் தெரியும், அகச்சிவப்பில் மங்கல். இரண்டு வரைபடங்களையும் பொருத்த, இரண்டிலும் தெரியும், மேசர் (லேசர் போன்ற ரேடியோ அலை) உமிழும் சிவப்பு ராட்சத விண்மீன்களைப் பிடியுங்கள். இங்கே பிசகினால் இடங்களை அளக்கும் ஆய மூலமே (தொடக்கப்புள்ளியே) மெல்ல நகரும், பாதை மூடாது.

பாதை நமக்குச் சாய்ந்து கிடக்கிறது. படத்தில் தெரியும் நீள்வட்டத்தின் குவியத்தைக் கருந்துளையின் இடமென்று எடுக்காதீர்கள். 2.166 மைக்ரான் ஹைட்ரஜன் கோட்டின் பெயர்ச்சியிலிருந்து பார்வைத்திசை வேகத்தையும் எடுத்து, புவியின் நொடிக்கு 30 கி.மீ. ஓட்டத்தைக் கழித்து, படத்தில் அளந்த இடங்கள், வேகம் இரண்டையும் சேர்த்தே பாதையைப் பொருத்துங்கள்.

இனி கணக்கு. கருந்துளையின் தொலைவு 8,277 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), 0.125ஆல் பெருக்கினால் அரை நெட்டச்சு 1,035 வானியல் அலகு (ஓர் அலகு என்பது புவி-சூரியன் தொலைவு). சுற்றுக்காலம் 16.05 ஆண்டு. கெப்ளர் விதிப்படி 1,035இன் கனத்தை 16.05இன் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 43 லட்சம் சூரிய நிறை. தொலைவை 8,000 என்று போட்டுப் பாருங்கள், 39 லட்சமாகச் சரியும். கோணம் மட்டும் கையில் இருந்தால் தொலைவுப் பிழை மும்மடங்காகித் தாக்கும், கி.மீ.யில் வரும் வேகம்தான் தொலைவைக் கட்டிப்போடும்.

பாதை கருந்துளையை மிக நெருங்கும் அண்மைப்புள்ளியில் கெப்ளர் மட்டும் போதாது. 2018 மே மாதம் எஸ்2 சுமார் 120 வானியல் அலகு தொலைவில், நொடிக்கு ஏறத்தாழ 7,650 கி.மீ. வேகத்தில் கடந்தபோது, சார்பியல் விளைவால் நொடிக்கு 200 கி.மீ. அளவு கூடுதல் செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது) சேர்ந்தது. அதைச் சேர்க்காமல் பொருத்தினால் எச்சங்கள் (அளவுக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடுகள்) ஒரே பக்கமாகச் சாயும். அந்த வாரங்களில் விண்மீனும் கருந்துளையின் ஒளிர்வும் ஒற்றைத் தொலைநோக்கியில் ஒரே பொட்டாகக் கலந்துவிடும். சிலியின் நான்கு 8 மீட்டர்த் தொலைநோக்கிகளை இணைத்துப் பெற்ற அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒற்றைப் படத்தின் புள்ளிகளுக்கு எடை குறையுங்கள். அடுத்த அண்மைக்கடப்பு 2034இல்.