தை மாதத்தில் குலையும் சுகாதாரக் குழுக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஊர்ச் சுகாதாரக் குழு ஒன்றைத் தொடங்குவது கஷ்டமில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கிராம அலுவலர், மாதர் சங்கம், சனசமூக நிலையம் என எல்லாரும் முதல் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள். இரண்டாவது ஆண்டிலும் அந்த ஆக்கள் சேர்ந்து நிற்பதுதான் கஷ்டம்.

பெரிய தவறு, காலம் பார்க்காமல் நிர்வாகத்தை மாற்றுவது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தை வரை டெங்கு உச்சத்தில் நிற்கும். அரச உத்தியோகத்தர்களின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வரும். ஊரை நன்றாக அறிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாறிப்போகும் அதே வாரங்களில் குழுவும் ஆண்டுப் பொதுக்கூட்டம் வைத்துப் புது நிர்வாகத்தைத் தெரிவுசெய்தால், எந்த வளவில் பாழ்கிணறு கிடக்கிறது என்பதைச் சொல்லக்கூட ஆள் இருக்காது. பொதுக்கூட்டத்தைச் சித்திரை, வைகாசிக்குத் தள்ளுங்கள். ஒன்பது பேர் கொண்ட நிர்வாக சபை என்றால் ஆண்டுக்கு மூவர் மட்டும் மாறலாம் என்று யாப்பில் எழுதுங்கள். தலைவரும் செயலாளரும் ஒரே ஆண்டில் விலகக்கூடாது.

உத்தியோகத்தரின் இடமாற்றம் நம் கையில் இல்லை. கையளிப்பு நம் கையில்தான் இருக்கிறது. மார்கழி தொடங்கும்போதே இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாராகட்டும்: நுளம்பு பெருகும் இடங்கள், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திறப்பு யாரிடம், எந்த ஒழுங்கைக்கு எந்தத் தொண்டர், முடியாமல் நிற்கும் வேலைகள். புதியவர் கடமையேற்ற முதல் வாரத்தில் குழுவில் இருவர் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அவரை அந்த ஒழுங்கைகளுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.

கூட்ட அறிக்கையில் “டெங்கு ஒழிப்பு தொடர்பாக ஆராயப்பட்டது” என்று எழுதினால் அடுத்த கூட்டத்திலும் அதையேதான் ஆராய்வீர்கள். “கிழக்கு ஒழுங்கையில் பூட்டிய வீடுகள் நாலு, உரிமையாளர்கள் வெளிநாட்டில். பராமரிப்பவர்களிடம் உப செயலாளர் 12ஆம் திகதிக்கு முன் கதைப்பது” என்று எழுதுங்கள். வேலை, ஆள், திகதி மூன்றும் இல்லாத வரி தீர்மானமே அல்ல. நுளம்பு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். ஆகவே மழைக்காலத்தில் மாதக் கூட்டத்தை நம்பியிருக்க முடியாது. வாரம் ஒருமுறை அரை மணித்தியாலம் கூடுங்கள்.

தலைவர் தெரிவில் நாம் மரியாதையையும் வேலையையும் குழப்பிக்கொள்கிறோம். கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் என்று ஏற்கெனவே பல பொறுப்புகளில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபரைப் போசகராக வையுங்கள். அவருடைய சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு, அது தேவை. தலைமை, பின்னேரங்களில் வீடு வீடாக வரக்கூடிய ஒருவருக்குப் போகட்டும். உப தலைவர் பெயருக்கு இருக்கக்கூடாது: மூன்று கூட்டத்தில் ஒன்றை அவரே நடத்திப் பழகட்டும்.

குடும்பநல உத்தியோகத்தரைச் செயலாளராக்க வேண்டாம். கர்ப்பவதிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் வீடு தேடிப் பார்ப்பது, கிளினிக், பிள்ளைகளின் நிறை பார்ப்பது, பதிவேடுகள் என்று அவருக்கு வேலை நிறைய உண்டு. அவர் ஆலோசனை சொல்லட்டும். கடிதம் எழுத வேறு ஆளைப் பிடியுங்கள்.

இரவு ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. வீடுகளுக்குள் போய்க் கதைப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தீர்மானம் எடுக்கும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் நாலு மணி பல ஊர்களுக்குத் தோதாக இருக்கும்.

புலம்பெயர் உறவுகளின் பணம் தனியாள் கணக்குக்கு வரவே கூடாது. குழுவின் பெயரில் கணக்கு, மூவரில் இருவரின் கையொப்பம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு வாசிகசாலைப் பலகையில். என்ன வாங்குவது என்பதைக் குழு தீர்மானித்த பிறகே பணம் கேளுங்கள். இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவி அன்பளிப்பாக வரும். அதில் செருகும் சோதனைப் பட்டி (ஸ்ட்ரிப்) முடிந்ததும் அது அலுமாரிக்குள் போய்விடும். சீனி கூடியவர்களின் பெயரை எழுதி, அரச வைத்தியசாலை கிளினிக்குக்கு அனுப்பி, போனார்களா என்று இரண்டு வாரத்தில் பார்க்க ஒருவர் பொறுப்பேற்காத வரையில் பரிசோதனை முகாமே வைக்காதீர்கள்.

ஒருவர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால், பெயரை வெட்டுவதற்கு முன் தலைவர் அவர் வீட்டுக்குப் போய்க் கதைக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் “வேலை கூட” என்றுதான் பதில் வரும். திண்ணையில் இருந்து கேட்டால் யாருடன் என்ன மனத்தாங்கல் என்று சொல்வார்.