யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எல்லாம் மூலமும் இல்லை, எல்லாம் தண்ணீரும் இல்லை

சென்னையிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ இங்கே வந்து தங்குபவர்களுக்கு வாடகை வீடு, சிம், விசா எல்லாம் சொல்லித்தர ஆட்கள் உண்டு. பாலுறவால் குடலிலும் ஆசனவாயிலும் தொற்றும் நோய்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

வந்த புதிதில் வயிற்றோட்டம் என்றால் "கிணத்துத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்பார்கள். மலத்தோடு ரத்தம் போனால் "மூலம், உறைப்பைக் குறையுங்கோ" என்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் பாலுறவால் தொற்றும் கிருமிகளும் இதே அறிகுறிகளைத் தரும். ஆசனவாய் வழி உறவு கொண்ட ஆண், பெண் இருபாலாருக்கும் இது பொருந்தும்.

கொனோரியா, கிளமிடியா, ஹேர்பீஸ், சிபிலிஸ் நான்கும் மலக்குடலின் கடைசிப் பகுதியில் அழற்சியை உண்டாக்கக்கூடியவை. சளி போல வடியும், ரத்தம் கசியும், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் போகவேண்டும் போலவே இருக்கும். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. தொற்றி ஏறத்தாழ 3 வாரத்தில் வந்து, தானாகவே ஆறிவிடும். நோய் மட்டும் உள்ளே இருக்கும். கிளமிடியாவில் எல்.ஜி.வி. என்றொரு வகை உண்டு. அதைக் குடல் அழற்சி நோய் என்று தவறாக நினைத்து மாதக்கணக்கில் வேறு மருந்து கொடுத்த கதைகள் மருத்துவ உலகில் நிறைய. சரியாகக் கண்டுபிடித்தால் டொக்சிசைக்கிளின் குளிசை 21 நாள், அவ்வளவுதான்.

வயிற்றோட்டத்துக்கு வருவோம். ஷிகெல்லா, ஜியார்டியா, அமீபா, ஹெபடைடிஸ் ஏ ஆகியவை அழுக்குத் தண்ணீரில் மட்டும் வருபவை அல்ல. ஆசனவாயில் வாய் படும் உறவிலும் தொற்றும். ஷிகெல்லாவுக்கு நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். காய்ச்சலும் ரத்தமும் சேர்ந்து போனால், ஓட்டத்தை நிறுத்தும் குளிசையை பாமசியில் வாங்கிப் போடாதீர்கள். மலப் பரிசோதனை செய்யவேண்டும்.

தொண்டையிலும் மலக்குடலிலும் உள்ள கொனோரியா, கிளமிடியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்படவும் மாட்டாது. அந்தந்த இடத்திலிருந்தே மாதிரி எடுக்கவேண்டும். ஆகவே எந்த வழியில் உறவு நடந்தது என்று வைத்தியரிடம் நீங்களே சொன்னால்தான் சரியான பரிசோதனை நடக்கும்.

எங்கே போவது? யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. யாருடைய கடிதமும் தேவையில்லை, விபரங்களை வெளியே சொல்லமாட்டார்கள். அரச கிளினிக் என்பதால் ஊர் ஆட்களுக்கு இலவசம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் கட்டணத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இது சின்ன ஊர். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவை நினைத்து ஆண்கள் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் போங்கள். கிளினிக்கின் வேலை வைத்தியம் பார்ப்பது.

போனால் எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் சேர்த்தே செய்யுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் அதையும் கேளுங்கள். கொனோரியாவோ கிளமிடியாவோ இருந்தால் துணைக்கும் மருந்து வேண்டும். இருவருக்கும் சிகிச்சை முடிந்து 7 நாள் ஆகும்வரை உறவு வேண்டாம். அப்புறம் 3 மாதத்தில் மறுபடி ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.