ஹோலோகிராம் கணக்கு வேகமா ஓடணும்னா இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஹோலோகிராம, அதாவது லேசர் வெளிச்சத்துல 3டி காட்சியா தெரியற ஒளி வடிவத்த, கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு உண்டாக்கற கோட் எழுத புதுசா வர்ற பசங்ககிட்ட திரும்பத் திரும்பப் பாக்கற தப்புகள் இதெல்லாம், நானும் ஆரம்பத்துல இதே வழியாத்தான் வந்தேன். பைத்தான்ல ஃபார் லூப்புக்குள்ள ஃபார் லூப் போடாதீங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

எல்லா புள்ளிக்கும் எல்லா பிக்சலையும் ஓட்டறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்றது இதுலதான். 3டி காட்சிய புள்ளிகளா உடைச்சு, ஒவ்வொரு புள்ளியிலேருந்தும் ஒரு கோள அலை கெளம்புதுன்னு வச்சு, அது ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன ஃபேஸ்ல (அலையோட ஏற்ற இறக்கத்துல எந்தக் கட்டத்துல) வந்து சேருதுன்னு கூட்டறோம். ஃபுல் ஹெச்டி எஸ்எல்எம்ல (ஒவ்வொரு பிக்சல்லயும் ஒளியோட ஃபேஸ மாத்தி ஹோலோகிராமக் காட்டற பேனல்) 1920 × 1080, அதாவது 20.7 லட்சம் பிக்சல். காட்சியில 10,000 புள்ளி இருந்தா ஒரே ஒரு ஃபிரேமுக்கு 2,000 கோடி தடவைக்கு மேல சைன், கொசைன் போடணும். இதப் பாத்ததும் எல்லாரும் பெரிய ஜிபியுவ (கிராபிக்ஸ் கார்டு) தேடி ஓடறாங்க, அதுல எவ்வளவு கணக்கு போடவே கூடாததுன்னு ஒருத்தரும் யோசிக்கறதில்ல.

எஸ்எல்எம் பிக்சல் 8 மைக்ரான், பச்சை லேசர் 532 நானோமீட்டர்னு வைங்க. அலைநீளத்த பிக்சல் அளவோட ரெண்டு மடங்கால வகுத்தா வர்றதுதான் ஒளி வளையக்கூடிய அதிகபட்ச கோணத்தோட சைன், அந்தக் கோணம் சுமார் 1.9 டிகிரி, அவ்வளவுதான். 10 செமீ தள்ளி இருக்கற புள்ளிக்கு இந்தக் கோணத்துல 3.3 மிமீ ஆரம் உள்ள வட்டம்தான் கெடைக்கும். பேனலோ 15.36 × 8.64 மிமீ. வட்டம் பேனல்ல கால்வாசி சொச்சம்தான் வருது, வெளிய இருக்கற முக்கால்வாசியில ஃபிரிஞ்சு (வெளிச்சமும் இருட்டுமா மாறி மாறி வர்ற கோடு) ரெண்டு பிக்சலுக்கு ஒண்ணுங்கற எல்லையத் தாண்டி நெருக்கமாயிடும், அலியாசிங் ஆகி, அதாவது பிக்சலால பிடிக்க முடியாம தப்பான கோடா பதிஞ்சு, வேற எங்கயோ ஒரு போலிப் புள்ளியக் காட்டும். நேரமும் போச்சு, படமும் கெட்டுச்சு.

எங்க லேப்ல ஒரு தம்பி புது கார்டு வந்த சந்தோஷத்துல பழைய கோட அப்படியே ஜிபியுவுக்கு மாத்திட்டான். வேகம் ஏறுச்சு, ஆனா படத்துக்கு ரெண்டு பக்கமும் போலிப் பிம்பம். போலரைசரத் திருப்பிப் பாத்தான், லென்ஸத் தொடச்சான், எஸ்எல்எம்மே கெட்டுப்போச்சுன்னு கம்ப்ளெயின்ட் மெயில் வரைக்கும் எழுதி வச்சுட்டான். "ஒரே ஒரு புள்ளி மட்டும் வச்சு ஃபேஸ ஸ்கிரீன்ல போடுடா"ன்னேன். நடுவுல வளையம் வளையமா வந்துச்சு, இடதும் வலதும் ஆறரை மிமீ சொச்சம் தள்ளி அதே வளையங்கள் இன்னொரு தடவ. "அண்ணே, இத நான் கணக்கே போடலையே"ன்னான். ஆரத்துக்குள்ள மட்டும் லூப்ப ஓட்டினதும் நேரமும் நல்லா கொறஞ்சுது, போலியும் பெரும்பாலும் அடங்கிருச்சு. மிச்சம் தெரிஞ்சது எஸ்எல்எம்மோட ஹையர் ஆர்டர் (பிக்சல் வரிசையால தானா வர்ற கூடுதல் பிம்பங்கள்), அத ஃபில்டர் வச்சுத்தான் தடுக்கணும்.

இதே யோசனைய இன்னும் தள்ளிட்டுப் போனா வர்றதுதான் 2009ல ஜப்பான்ல ஷிமோபாபா, மசூதா, இட்டோ மூணு பேரும் சொன்ன வேவ்ஃப்ரன்ட் ரெக்கார்டிங் பிளேன். காட்சிக்கு ரொம்பக் கிட்ட ஒரு கற்பனைத் தளம் வைங்க. புள்ளி அதுலேருந்து 5 மிமீ தூரத்துல இருந்தா வட்டத்தோட ஆரம் 21 பிக்சல்தான், 20.7 லட்சம் பிக்சலத் தொடற எடத்துல 1,400 தொட்டா போதும். அப்புறம் அந்தத் தளத்த மொத்தமா எஃப்எஃப்டி (ஃபூரியர் மாற்றத்த வேகமா போடற முறை) வச்சு ஹோலோகிராம் வரைக்கும் கொண்டு போயிடலாம். காட்சிக்கு ஆழம் அதிகம்னா ஒரு தளம் பத்தாது, பல தளம் வைக்கணும்.

ஃபேஸ அப்படியே ஃப்ளோட்ல விடறது

அரை மீட்டர் தள்ளி இருக்கற புள்ளிக்கு ஃபேஸ் கிட்டத்தட்ட 59 லட்சம் ரேடியன். 32 பிட் ஃப்ளோட்ல அந்த உயரத்துல ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல அரை ரேடியன் இடைவெளி! இதுக்கு மேல ஃபாஸ்ட் மேத் ஆப்ஷனையும் போட்டுருவாங்க, அந்த சைனோ மைனஸ் பையிலேருந்து பை (π) வரைக்கும்தான் நம்பலாம். எல்லாத்தையும் டபுளாக்கினா (64 பிட்) கேமிங் கார்டு படுத்துரும். அதனால ஆழத்துக்கான ஃபேஸ மட்டும் புள்ளிக்கு ஒரு தடவ டபுள்ல போட்டு ரெண்டு பைக்குள்ள மடிச்சு வச்சுக்கங்க. மிச்சத்துக்கு, தூரத்துலேருந்து ஆழத்த நேரா கழிக்க வேணாம், பக்கவாட்டுத் தூரத்தோட வர்க்கத்த தூரமும் ஆழமும் சேர்ந்த கூட்டுத்தொகையால வகுங்க, விடை அதேதான், துல்லியம் மட்டும் தொலையாது. ரெண்டையும் கூட்டி, சைனுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி மைனஸ் பையிலேருந்து பைக்குள்ள மடிச்சுருங்க.

எடுத்த எடுப்புல நியூரல் நெட்வொர்க்

2021ல எம்ஐடி குழு கொண்டு வந்த, நியூரல் நெட்வொர்க்க வச்சு ஹோலோகிராம் போடற டென்சர் ஹோலோகிராபி அருமையான வேலை. அதுக்கே பயிற்சிக்குன்னு 4,000 ஜோடி, ஆழத்தோட படமும் அதுக்கான ஹோலோகிராமும், முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வேண்டியிருந்துச்சு. அடிப்படைக் கணக்க சரி பண்ணாம அங்க போகாதீங்க.

சீரோ பேடிங் போடாம எஃப்எஃப்டி

இந்தப் பக்கம் வெளிய போன அலை அந்தப் பக்கமா உள்ள வரும். சுத்தி பூஜ்யம் நிரப்பி (அதான் சீரோ பேடிங்) அகலம், உயரம் ரெண்டையும் இரட்டிப்பாக்குங்க.

சிங்க் பண்ணாம டைம் அளக்கறது

கர்னல் (ஜிபியுல ஓடற கணக்கு) முடியறதுக்கு முன்னாடியே சிபியு அடுத்த வரிக்குப் போயிடும். டைமர நிறுத்தறதுக்கு முன்னாடி சிங்க் (ஜிபியு முடிக்கற வரைக்கும் காத்திருக்கச் சொல்ற கட்டளை) போடுங்க.