புளியங்கொட்டையில் வலு, வேகம், புத்தி: தொடக்கக்காரர்களுக்கு ஒரு கதையாட்டம்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களில், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுவதில், பாத்திரத்தின் பலம் பெரும்பாலும் தாளில் எழுதிய எண்ணாகவே கிடக்கும். அந்த எண்ணையே கையிருப்பாக்கிச் செலவழிக்க விடுவது இன்னொரு வழி, புதிதும் அல்ல. 1975-இல் வந்த டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸில் மந்திரம் போட்டால் உடல்வலு குறையும். 1977-இன் டிராவலரில் அடி விழுந்தால் பண்புகளிலிருந்தே கழியும். 2013-இன் நுமெனேராவில் முயற்சிக்கும் அடிக்கும் ஒரே இருப்புதான். அதே வழியில், கதை நடத்துபவர் ஒருவர் போக நாலு பேர் ஒரு சாயங்காலத்தில் ஆடி முடிக்கிற சிறிய ஆட்டம் இது.

வேண்டியவை

ஆறுமுகப் பகடை ஒன்று, புளியங்கொட்டை 66, பல்லாங்குழிப் பலகை ஒன்று. பலகையில் 14 குழி. ஆளுக்கு மூன்று வீதம் நாலு பேருக்கு 12 போக, இரண்டு மிஞ்சும். ஒன்று செலவான கொட்டைக்கு, மற்றது நேரத்துக்கு. பலகை இல்லையா, சிரட்டை போதும். பென்சிலால் எழுதி அழிக்க வேண்டாம். யாரிடம் எவ்வளவு மிச்சம் என்பது எல்லார் கண்ணிலும் பட வேண்டும், பாதி விறுவிறுப்பு அதில்தான் இருக்கிறது.

பாத்திரம்

ஆளுக்கு 15 கொட்டை. வலு, வேகம், புத்தி என்று மூன்று குழியில் பிரிக்க வேண்டும். ஒரு குழியில் 3-க்குக் குறையவோ 7-ஐத் தாண்டவோ கூடாது. பிரித்த அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உச்சம், ஆட்டம் முடியும்வரை மாறாது. குழியில் கிடப்பது இருப்பு, அது ஏறும் இறங்கும்.

இந்த இரண்டையும் குழப்பினால் ஆட்டம் கோணலாகிவிடும். வலு 7 உள்ளவர் 5 செலவழித்ததும் ஊரிலேயே நோஞ்சான் ஆகிவிடுவாரா? மாட்டார். களைத்திருக்கிறார், அவ்வளவுதான். அரிசி மூட்டையைத் தூக்க அவருக்கு அப்போதும் பகடை வேண்டாம். இதற்காகவே ஆளுக்கு ஒரு குழியில் 'கைப்பழக்கம்' கொடுங்கள்: அந்தக் குழியில் ஒவ்வொரு செலவிலும் முதல் புள்ளி, அதாவது ஒரு கொட்டை, இலவசம். குழி காலியானாலும் அந்த ஒன்று உண்டு.

உருட்டுவது

கதை நடத்துபவர் இலக்கு சொல்வார்: 4 சாதாரணம், 5 கொஞ்சம் கஷ்டம், 6 கஷ்டம், 7 செலவழிக்காமல் நடக்கவே நடக்காது. தோற்றால் என்ன போகும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆடுபவர் இலவசப் புள்ளியையும் சேர்த்து 3 வரை வைக்கலாம். புள்ளிக்கு ஒன்று பகடையோடு கூடும். வைத்தது வைத்ததுதான், தோற்றாலும் திரும்பாது.

கதைக்களம் சுடலைமாடன் கொடை என்று வையுங்கள். வில்லுப்பாட்டுக்காரரின் குடம் காணோம், நள்ளிரவுச் சாமக்கொடைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். மாடசாமிக்கு வலு 7, கைப்பழக்கமும் அதிலேதான். எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்க்கப் பனையில் ஏறுகிறார். இலக்கு 6, சறுக்கினால் நெஞ்சு சிராய்த்து வலுவில் 1 போகும்.

"ஏல, மூணு வைக்கேன்."

ஒன்று இலவசம், குழியிலிருந்து 2 போகிறது. வெறுங்கையோடு ஏறியிருந்தால் ஆறில் ஒரு வாய்ப்பு, இப்போது ஆறில் நாலு. விழுந்தது 2. கூட்டினால் 5, போதவில்லை. சிராய்ப்புக்கும் ஒன்று போக, வலு 4.

உருட்டிய பிறகு கொட்டை வைக்க விடாதீர்கள். 'ஒன்று குறையுது, ஒன்று வைக்கேன்' என்றால் அது கடைக்கணக்கு. கால் ஆஃப் க்துலு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் அதிர்ஷ்டத்தைப் பின்னால் செலவழிக்கும் விருப்ப விதி உண்டு. ஆனால் அங்கே அது தனி இருப்பு.

ஓய்வும் நேரமும்

நேரக் குழியில் 6 கொட்டை, ஒன்றுக்கு அரை மணி: இரவு 9-லிருந்து 12 வரை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஓய்வெடுத்தால் ஒரு நேரக்கொட்டை போகும். ஆளுக்கொரு பகடை உருட்டி, வந்த அளவை உச்சம் தாண்டாமல் எந்தக் குழியிலும் நிரப்பலாம். ஒரு இடத்தைத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ஒரு நேரக்கொட்டை போகும். ஓய்வுக்கு இப்படி விலை வைக்காவிட்டால் ஒவ்வொரு உருட்டலுக்கும் பிறகு எல்லாரும் திண்ணையில் சாய்ந்துவிடுவார்கள்.

கெடும் இடங்கள்

ஒரு குழி காலியானால், கைப்பழக்கத்தின் இலவசப் புள்ளி தவிர, அதில் செலவழிக்க முடியாது, அதற்கு மேல் தண்டனை வேண்டாம். 'காலியானால் எல்லா உருட்டலிலும் ஒன்று கழி' என்று விதி போடத் தோன்றும். போட்டால் அதை ஈடுகட்ட மற்றக் குழியிலிருந்து கூடுதலாகச் செலவாகும், அதுவும் காலியாகும், சரிவு நிற்காது. இரண்டு குழி காலியானால் துணையோடு மட்டும் செயல்படலாம். மூன்றும் காலி என்றால் அன்றைய ராத்திரிக்குப் படுக்கைதான்.

புதியவர்கள் கொட்டையைப் பூட்டி வைப்பார்கள். தொடக்கத்திலேயே இலக்கு 7 ஒன்றைப் போட்டால் கை தானாக இளகும். கதை நடத்துபவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: தோற்றால் எதுவும் மாறாது என்றால் உருட்டச் சொல்லாதீர்கள். வேலி தாண்டவும் கதவு தட்டவும் பகடை கேட்டால் பாதி வழியிலேயே குழி வறண்டுவிடும்.

முதல் ஆட்டம் முடிந்ததும் மிச்சத்தை எண்ணுங்கள். ஆளுக்கு 6-க்கு மேல் கிடந்தால் அடுத்த முறை நேரக்கொட்டையில் ஒன்றைக் குறையுங்கள். பாதியிலேயே எல்லாம் தீர்ந்திருந்தால் 15-ஐ 18 ஆக்குங்கள். 7 என்ற உச்சவரம்பை மட்டும் தொட வேண்டாம்.