மைனர் லீக் இன்ஃபீல்டரின் ஸ்டேட்ஸ் பக்கத்தை எப்படிப் படிப்பது

கடலூர், புதுச்சேரி பக்கம் பேஸ்பால் ஆடுபவர்கள் குறைவுதான். ஆனால் ஸ்கூல் டீம், காலேஜ் டீம் என்று கொஞ்ச நாள் ஆடிவிட்டு இப்போது போனில் அமெரிக்க மேட்ச் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், யூடியூபில் பார்த்துப் பிடித்துப்போன கிரிக்கெட்காரர்களும் இருக்கிறார்கள். இவர்களில் யாராவது ஒரு மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கிற லீக்குகள்) இன்ஃபீல்டரின் (பேஸ்களை ஒட்டி நின்று ஃபீல்டிங் செய்பவர்) பெயரை பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் தேடினால் வரி வரியாக எண்கள் வந்து நிற்கும், கண் நேராக பேட்டிங் ஆவரேஜுக்குத்தான் போகும். அதைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் டீம் பெயர்களைப் பாருங்கள். இங்கேதான் நமக்குக் குழப்பம் வரும். நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போய் டிவிஷன் மேட்ச் ஆடுகிற பையனின் டீம் நன்றாக ஜெயித்தால் டீமே மேல் டிவிஷனுக்குப் போகும். அங்கே டீம் எங்கேயும் போகாது, ஆள்தான் மேலே போவான், கீழே வருவான். மேஜர் லீக்கில் 30 கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் கீழே டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, சிங்கிள் ஏ என்று நான்கு டீம்கள், ஆக மொத்தம் 120. இதற்கும் கீழே புதுப் பையன்களுக்கான காம்ப்ளெக்ஸ் லீக் தனி. சம்பளம் கொடுப்பதும், யார் எங்கே ஆட வேண்டும் என்று முடிவு செய்வதும் மேலே இருக்கிற கிளப்தான். அதனால் டபுள் ஏ டீம் கோப்பை வாங்கியதா என்பது இவனுடைய வேலைக்குப் பெரிதாக உதவாது.

அப்புறம் வயது. டபுள் ஏ-வில் 21 வயதில் .250 ஆவரேஜ் (நூறு தடவை அடிக்கப் போய் 25 தடவை பந்தை அடித்து பேஸ் சேர்வது, அதாவது 25 ஹிட்) அடிப்பவன்மேல் கிளப்புக்கு ஆசை இருக்கும். அதே இடத்தில் 27 வயதில் .290 அடிப்பவனைப் பெரும்பாலும் காலி இடத்தை நிரப்பத்தான் வைத்திருப்பார்கள். கொடுமைதான், ஆனால் கணக்கு அப்படித்தான் போகிறது.

இனி ஃபீல்டிங் அட்டவணை. பக்கத்தில் கீழே தள்ளிப் போட்டிருப்பார்கள், பலர் அதுவரை போவதே இல்லை. என்னைக் கேட்டால் இன்ஃபீல்டரின் கதையே அங்கேதான் இருக்கிறது. எந்த வருஷம் எந்த இடத்தில் எத்தனை மேட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே) இருப்பதிலேயே கஷ்டமான இடம், பக்கவாட்டில் ஓடிப் பிடித்து நீளமாக எறிய வேண்டும். அங்கே தொடங்கியவனின் வேகம் போதவில்லை என்று நினைத்தால் தேர்ட் பேஸுக்கு மாற்றுவார்கள், கை பலம் போதவில்லை என்றால் செகண்ட் பேஸுக்கு. ஃபர்ஸ்ட் பேஸுக்கு வந்துவிட்டால் ஃபீல்டிங்கை வைத்துப் பிழைக்க முடியாது, பந்தை வெளியே அடித்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒரே வருஷத்தில் மூன்று நான்கு இடங்களில் ஆடியிருக்கிறான் என்றால் உடனே இறக்கம் என்று எழுதிவிடாதீர்கள். மேஜர் லீக் டீமில் சீசனின் பெரும்பகுதி 26 பேர்தான், அதில் 13 பேர்வரை பிட்ச்சர்கள் (பந்து எறிபவர்கள்). மிச்சம் 13. டெசிக்னேட்டட் ஹிட்டரோடு (பிட்ச்சருக்குப் பதிலாக பேட்டிங் மட்டும் செய்பவர்) ஒன்பது பேர் ஆடப்போனால் பெஞ்சில் நான்கு பேர், அதில் ஒருவன் மாற்று கேட்ச்சர் (பிட்ச்சர் எறிவதைப் பிடிப்பவர்). மீதி மூன்று இடத்தில் அவுட்ஃபீல்டருக்கும் பங்கு உண்டு. ஆக பெஞ்சில் உட்காருகிற இன்ஃபீல்டருக்கு ஷார்ட்ஸ்டாப் உட்பட எல்லா இடமும் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். கிளப் இவனை அதற்குத் தயார் செய்கிறது என்றும் அந்த வரியைப் படிக்கலாம்.

எரர் (ஃபீல்டிங்கில் செய்த தவறு) எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். டெரெக் ஜீட்டர் 1993-ல் சிங்கிள் ஏ கிரீன்ஸ்பரோவில் 126 மேட்ச்சில் 56 எரர் செய்தார். 1996-ல் நியூயார்க் யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடி அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார்.

சரி, இப்போது ஆவரேஜுக்கு வரலாம். .280 என்றால் நூறு தடவை அடிக்கப் போய் 28 ஹிட், கிரிக்கெட் ஆவரேஜோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. எந்த லீக்கில் அடித்தது என்றும் பாருங்கள். டிரிபிள் ஏ-வின் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்க்கி, ரீனோ மாதிரி உயரமான ஊர்கள் உண்டு, காற்று லேசாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும், அந்த ஹோம் ரன்களில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஸ்டிரைக் அவுட்டும் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆவது) வாக்கும் (நான்கு தப்பான பந்து வந்ததால் சும்மா ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போவது) இருக்கும், மேலே போகப் போக ஸ்டிரைக் அவுட் ஏறிக்கொண்டே போனால் அங்கே பிட்ச்சர்கள் இவனைப் புரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம்.

எண்கள் மட்டும் போதாது என்பதற்கு மைக் ஹெஸ்மனின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேர்ட் பேஸ், ஃபர்ஸ்ட் பேஸ் ஆடியவர், அமெரிக்க மைனர் லீக்குகளில் 433 ஹோம் ரன், அதுதான் சாதனை. மேஜர் லீக்கில் மொத்தம் 109 மேட்ச், 14 ஹோம் ரன், ஆவரேஜ் .188.

கடைசியாக டிரான்சாக்‌ஷன் பட்டியல், அதாவது எப்போது எங்கே மாற்றினார்கள் என்ற பதிவு, மைனர் லீக்கின் சொந்தத் தளத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரர் பக்கத்திலும் இருக்கும். அதில் தேட வேண்டியது 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக்கில் ஆடும் 26 பேரும் இதிலிருந்துதான் வர வேண்டும்) சேர்த்தார்களா என்பதுதான். அதில் இல்லாதவனை மேலே கூப்பிட வேண்டுமென்றால், பட்டியலில் இடமில்லாதபோது இன்னொருவனை நீக்க வேண்டும், அதனால் நன்றாக ஆடியும் காத்திருப்பார்கள். பட்டியலில் இருப்பவனை ‘ஆப்ஷன்’ போட்டுக் கீழே அனுப்பலாம், அதற்கு வழக்கமாக மூன்று சீசன்தான் அனுமதி, அதன் பிறகு அனுப்ப வேண்டுமென்றால் மற்ற கிளப்புகள் கேட்டு எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும்.

டிரூ மேகியின் பட்டியல் இதைப் படிக்கப் பழக நல்ல பாடம். 2010-ல் பிட்ஸ்பர்க் கிளப் டிராஃப்டில் (கிளப்புகள் புதுப் பையன்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்த இன்ஃபீல்டர். பல கிளப்புகள் மாறினார், 2021-ல் மினசோட்டா மேலே கூப்பிட்டும் ஆட விடவில்லை. 1,155 மைனர் லீக் மேட்ச்சுக்குப் பிறகு 2023 ஏப்ரல் 26 அன்று 33 வயதில் பிட்ஸ்பர்க்குக்காகவே முதல்முறை இறங்கி ஸ்டிரைக் அவுட் ஆனார். மூன்று நாள் கழித்து முதல் ஹிட். ஏன் இத்தனை வருஷம் விடாமல் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: அந்த வருஷம் டபுள் ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 30,250 டாலர், மேஜர் லீக் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். நாள் கணக்கில் தருவதால் மேலே ஒரு வாரம் இருந்தாலே சுமார் 27,000 வந்துவிடும்.

நேரலையில் பின்தொடர ஆசைப்பட்டால் நேரத்தைக் கவனியுங்கள். டொலீடோ மாதிரி கிழக்கு ஊர்களில் இரவு 7.05-க்குத் தொடங்கும் மேட்ச் நமக்கு விடிகாலை 4.35. மேற்குக் கரை மேட்ச் என்றால் காலை 7.35, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸிலேயே ஸ்கோர் பார்த்துக்கொள்ளலாம். அங்கே திங்கள்கிழமை பெரும்பாலும் ஓய்வு நாள், அதனால் செவ்வாய் காலையில் அலாரம் வைக்க வேண்டாம்.